அண்டாவில் வெட்டிய பெயர்

புயல் ஓய்ந்த காலையில் எங்கள் தெருவில் முதலில் கேட்ட குரல் என்னுடையதுதான். அழுகை இல்லை, அதட்டல். பதினாறு வீட்டுக்காரர்களும் அவரவர் வாசலில் நின்று, விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தபடி, "கொம்யூன் பஞ்சாயத்துலேந்து ஆளு வருவாங்க" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வருவாங்க வருவாங்கன்னு நின்னுனே இருங்க. அவங்க வர்றதுக்குள்ள அந்த வேப்பமரம் படுத்த வாக்குலயே துளிர் வுட்டுடும். கத்தி இருக்கறவங்க கத்திய எடுத்துனு வாங்க, இல்லாதவங்க கைய எடுத்துனு வாங்க."

வந்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. முப்பது பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். கண்ணெதிரே எதுவும் தாறுமாறாகக் கிடந்தால் எனக்குத் தலை வலிக்கும். இனம் பிரித்து, அடுக்கி, எது எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்பிவிட வேண்டும். என் வீட்டுக்காரர், "உன்ன வுட்டா நட்சத்திரத்தக் கூட வரிசையா அடுக்கிடுவே" என்பார். அடுக்கினால் என்ன, பார்க்க நன்றாகத்தானே இருக்கும்.

எங்கள் தெரு வில்லியனூருக்கு மேற்கே, ஆற்றங்கரை ஓரமாக இருக்கிறது. நாங்கள் அங்கே வீடு கட்டிக் குடிபோய் அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. வீடுகளின் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடி ஆற்றில் சேரும். அந்தக் கார்த்திகையில் ஓர் இரவு முழுக்க அடித்த காற்றில் தெருவிலிருந்த மரங்களில் பாதி சாய்ந்தன, கூரை ஷீட்டுகள் பறந்தன. பின்னாலேயே வந்த மழையில் ஆறு நிரம்பி, போக வேண்டிய தண்ணீர் வாய்க்கால் வழியாக எதிர்த்து ஏறி எங்கள் தோட்டங்களுக்குள் வந்தது. இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டில் கிடந்தது. என் வீட்டு முருங்கை மரத்தின் அடியில் யாருடையதோ ஆட்டுக்கல் குழவி கிடந்தது. அது எப்படி வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் பாதையைத் திறப்பதிலேயே போனது. கொம்யூன் டிராக்டர் ஒரே ஒரு தடவை வந்து, கிளைகளை ஏற்றிக்கொண்டு, "மறுபடி வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் கணக்கு. காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வருவேன், நல்ல புடவையைக் கழற்றி நைட்டியைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்பவர்களும் இருந்தார்கள். கதவைத் தட்டுவேன். காய்ச்சல் என்பவர்களின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன்.

தெரு முனையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு சிமென்ட் மேடை உண்டு. கண்டெடுத்த சாமான்களையெல்லாம் அதன்மேல் அடுக்கி வைப்பது என் ஏற்பாடு. ஷீட்டுகள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம். மற்றதெல்லாம் சுலபமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. பாத்திரம்தான் வம்பு. நம் ஜனங்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடுவதில்லை. ஆனால் வெட்டியிருப்பது பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் பெயராக இருக்காது, கல்யாணத்திலோ காதுகுத்திலோ அதைக் கொடுத்தவர் பெயராக இருக்கும். எங்கள் தெருப் பாத்திரங்களில் இருந்த பெயர்களில் முக்கால்வாசி வெளியூர்க்காரர்கள், சிலர் உயிரோடு இல்லாதவர்கள். அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். மேடையில் ஏறி நின்று பெயரை உரக்கப் படிப்பேன். "அது எங்க நாத்தனார் வூட்டுக்காரரு, என் கல்யாணத்துக்குக் குடுத்தது" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். தூக்கிக் கொடுத்துவிடுவேன். ஒரு தூக்குச்சட்டிக்கு மட்டும் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மற்றபடி ஒரு தப்பு நடக்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

எதிர் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். ஓயாமல் வேலை செய்வாள், வாய் அதிகம் பேசாது. அவள் புருஷன் கம்பெனி வாட்ச்மேன், அவர் அதைவிடக் குறைவாகப் பேசுவார். புயலில் அவர்கள் வேப்பமரம் பின்பக்கத்துச் சமையற்கட்டின் மேல் விழுந்து சுவர் இரண்டாகப் போயிற்று. உள்ளே இருந்ததை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. எல்லாரிடமும் என்னென்ன காணோம் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தபோது அவளிடமும் கேட்டேன். ரெண்டு டப்பா, ஒரு முறம் என்றாள். வேறு? வேறு ஒன்றும் இல்லை என்றாள்.

அவளுக்கு ஒரே பெண். நர்சிங் முடித்துப் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். புயலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பங்குனியில் கல்யாணம். அன்று மாப்பிள்ளையின் அம்மா சபையில் கேட்டுவிட்டாள், "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க, கண்ணுலயே காணமே?" இவள், "வெளியூரு வேலைக்குப் போயிருக்காரு, கல்யாணத்துக்கு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்னது பொய். அண்ணனும் தங்கையும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது.

கிளை இழுத்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன்தான் இவளை வளர்த்து, சீர் செய்து கட்டிக்கொடுத்தார். நாலு வருடம் முன்பு தன் பையனுக்கு இவள் பெண்ணைக் கேட்டு வந்தார். "அவ படிக்கணும்ணா, இப்ப வாணாம்" என்று இவள் சொல்ல, அவர் குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர், பிறகு வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பையனோ தனக்குப் பிடித்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறானாம். சண்டைக்குக் காரணம் போய்விட்டது, ரோஷம் மட்டும் மிச்சம்.

"அவரு வரலன்னா என் பொண்ணு யாரு கையப் புடிச்சினு மணவறைக்கு வருவா, யக்கா? மாப்ள வூட்டுல நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"நேராப் போய்க் கூப்புடேன்டி. கூடப் பொறந்தவரு தானே?"

"போனா மூஞ்சில அடிச்ச மாதிரி எதுனா சொல்லிடுவாரு. பத்திரிக வரட்டும். அத எடுத்துனு போனா அதுக்காவது மரியாத குடுப்பாரு."

எந்த ஊர் என்று கேட்டேன். "மேற்கால" என்றாள். அவர் பெயரையோ ஊரையோ வாயால் சொல்ல அவளால் முடியவில்லை என்று புரிந்து விட்டுவிட்டேன். தெருக்காரர்களும் அவரை மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். கொத்து வேலை பார்ப்பவர்.

தை மாதம், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறோ அதற்கு அடுத்ததோ, வாய்க்காலில் இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஒரு பெரிய பூவரசு வேரோடு சாய்ந்து வாய்க்காலைக் குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கும் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான். ஆண்கள் அறுத்தார்கள், பெண்கள் வரிசையாக நின்று இரும்புச் சட்டியில் சேற்றைக் கைமாற்றினோம். மத்தியானம் வேர்முண்டைக் கயிறு கட்டி இழுத்தபோது அதன் அடியில் ஏதோ உருண்டது. கையை விட்டுத் தடவினேன். வளையம் அகப்பட்டது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். பித்தளை அண்டா. ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு வளையம் இல்லாமல், வயிறு நிறையச் சேற்றோடு வந்தது.

"குடு யக்கா, நான் கழுவறேன்" என்று எதிர் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள்.

கழுவினாள் என்றால் சாதாரணக் கழுவல் இல்லை. தன் வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டுவந்தாள். தொட்டியடியில் குந்தி உட்கார்ந்து, உள்ளே வெளியே, விளிம்புக்கு அடியில், வளையம் கழன்ற ஓட்டை ஓரத்தில் என்று ஒரு மணி நேரம் தேய்த்தாள். நாங்கள் வாய்க்காலில் சேறு அள்ளிக்கொண்டிருக்கும்போது இவள் ஒரு அண்டாவோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் அவள் அதைக் கவிழ்த்து வைத்தபோது வெயிலில் கண் கூசியது. "நல்லாத்தான் தேச்சிருக்கே" என்று பாராட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

விளிம்புக்குக் கீழே எழுத்து தெரிந்தது. ஒரு இனிஷியல், ஓர் ஆண்பிள்ளை பெயர், அதன் கீழே சுத்துக்கேணி. வேறு இல்லை. மேடையில் ஏறிப் படித்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை படித்தேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் படித்தேன். எங்களுடையது என்று சொல்ல ஒருவர் இல்லை. எதிர் வீட்டுக்காரி மட்டும் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் அண்டாவை ஒரு துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். சுத்தமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. சுத்துக்கேணி எங்களுக்கு மேலே, இதே ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத அண்டா என்றால் ஆறுதான் அடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. பிறகு என்ன? கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான். இதை நான் எல்லார் முன்னாலும் விளக்கிச் சொன்னபோது, "ஆமா, ஆமா" என்றார்கள். எதிர் வீட்டுக்காரி மட்டும், "இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே, யக்கா" என்றாள்.

"மூணு வாரம் பாத்தாச்சி. இன்னும் வெச்சிருந்தா எவனாவது பழைய இரும்புக்காரன் தூக்கினு பூடுவான்."

நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

அந்த ஞாயிறு என் வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, நான் பின்னால் அண்டாவை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துக்கண்ணு கூட்டு ரோட்டில் டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர், "இன்னாம்மா, எந்த வூட்டுக்கு சீரு போவுது?" என்றார். "ஆறு குடுத்த சீரு" என்று சொல்லிச் சிரித்தேன். அன்று நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன். தொலைந்துபோனதைப் பறிகொடுத்தவர் கையில் கொடுக்கப்போகும் சந்தோஷம் அது.

சுத்துக்கேணியில் பெயரைச் சொல்லி விசாரித்தோம். "மேஸ்திரி வூடா? அப்படியே நேரா போங்க" என்றார்கள். மேஸ்திரி என்ற சொல் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கு நாலு மேஸ்திரி இருப்பார்கள்.

ஐம்பது தாண்டிய மனிதர். கையெல்லாம் சிமென்ட் வெடிப்பு. வாசலில் நின்றிருந்தவர் என் மடியிலிருந்த அண்டாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எங்க கெடச்சிது உங்களுக்கு?"

நான் பெருமையாக எங்கள் தெருவைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்தத் தெருவுல என் தங்கச்சி இருக்கா. இது அவ கல்யாணத்துக்கு நான் குடுத்த சீரு."

புளி போட்டு ஒரு மணி நேரம் தேய்த்த அந்தக் கை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அவ குடுத்து அனுப்புனாளா? பொண்ணு கல்யாணம்னு கேள்விப்பட்டேன். கூப்புடுவான்னு பாத்தேன். கூப்புடறதுக்குப் பதிலா சீரத் திருப்பி அனுப்புறாளா?"

"அய்யய்யோ, அவ அனுப்பலண்ணே. வாய்க்கால்ல கெடந்துச்சி."

"வாய்க்கால்லயா? தூக்கி வாய்க்கால்ல போட்டுட்டாளா?"

"இல்லண்ணே, வெள்ளத்துல போயிருக்கும். நாங்க எடுத்து மூணு வாரம் தெருவுல வெச்சிருந்தோம். யாருமே எங்களுதுன்னு சொல்லல..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"மூணு வாரம் கண்ணெதிரே இருந்தும் எங்களுதுன்னு சொல்லலையா?" என்று மெல்லக் கேட்டார். கத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். வைத்துவிட்டு வந்தோம். என் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு அக்கறையாக இவ்வளவு தப்பான இடத்தில் நான் சேர்த்ததில்லை.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் வண்டியை எங்கேயும் டீக்கு நிறுத்தவில்லை. அது அவர் புத்திசாலித்தனம். நேரே எதிர் வீட்டுக்குள் போய், அவளைப் பார்த்த உடனே கத்தினேன். "உன்னுதுன்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லையாடி உனக்கு?"

அவள் சமையற்கட்டு இருந்த இடத்தில், இடிந்த சுவருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், என் வாய் செய்த வேலையையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி யக்கா சொல்லுவேன்? அண்ணன் எழுந்து போன அன்னைக்கு ஆத்திரத்துல தெருவுல நின்னு கத்துனேன். அவரு குடுத்த துரும்பு கூட என் வூட்டுல இல்ல, எல்லாத்தையும் கடையில போட்டுட்டேன்னு. தெருவே கேட்டுச்சி. போடல. அந்த அண்டாவ மட்டும் சமையக்கட்டுல மூலையில வெச்சி, மேல சாக்கப் போட்டு மூடி, அரிசி கொட்டி வெச்சிருந்தேன். இப்ப எல்லாரு முன்னாலயும் அது என்னுதுன்னு எப்படிக் கையத் தூக்குவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுது அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவள்தான் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் என் பிரிவுப் பெண்கள், "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா, திட்டவே இல்லையே" என்று கேட்டார்கள். ஒரு பெண் மாமன் கை இல்லாமல் மணவறைக்கு நடந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று இருந்தது. வியாழக்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மூலையில் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டு, அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம சுத்துக்கேணிக்கு என்கூட வரியா, யக்கா?"

"பத்திரிக வெக்கவா?"

"பத்திரிக அப்புறம். மொதல்ல என் அண்டாவக் குடுன்னு கேக்கப் போறேன். என்னுது அது. மூணு வாரம் கேக்காம இருந்தது என் தப்பு. அத அவரு வாசல்லயே நின்னு கேக்கறேன்."

அந்தக் குரலில் இருந்த தைரியம் எனக்குப் பிடித்தது. பஸ் ஏறினோம். அவள் மடியில் ஒரு பை, அதில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பூ, பழம். வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போனால் வீட்டில் அவர் இல்லை. மருமகள் மட்டும் இருந்தாள். இவளை அந்தப் பெண் முன்னே பின்னே பார்த்ததில்லை. "மாமா பாத்திரக் கடைக்குப் போயிருக்காரு, வில்லியனூருக்கு. ஒரு பழைய அண்டாவ வண்டியில கட்டி எடுத்துனு போனாரு" என்றாள்.

எதிர் வீட்டுக்காரியின் முகம் வெளுத்துவிட்டது. பழைய பித்தளையைப் பாத்திரக் கடைக்கு எதற்கு எடுத்துப் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எடைக்குப் போட்டுவிட்டு வேறு பாத்திரம் வாங்கி வருவார்கள்.

"போட்டுட்டாரு யக்கா. நான் பொய்யாச் சொன்னத அவரு நெஜமாவே செஞ்சிட்டாரு."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "கடைக்காரன் உருக்கறதுக்கு முன்ன போயி நிப்போம். வாடி." எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்று அழுவதைவிட நடப்பது மேல் என்பது என் கொள்கை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். வில்லியனூரில் இறங்கிக் கோயில் பக்கத்துத் தெருவில் ஒவ்வொரு பாத்திரக் கடையாகப் பார்த்துக்கொண்டு போனோம். முதல் கடையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது கடையின் வாசலில், பெயர் வெட்டுகிறவர் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே ஒரு ஸ்டூலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவே அண்டாவைக் கவிழ்த்து இடுக்கிப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். அண்டாவின் நசுங்கல் எடுத்திருந்தது. காணாமல்போன வளையத்துக்குப் பதிலாகப் புது வளையம் மாட்டியிருந்தது. விளிம்புக்குக் கீழே அவருடைய பழைய பெயர். அதற்கு நேர் கீழே, அப்போதுதான் வெட்டி முடித்த எழுத்தில், பித்தளைத் தூள் இன்னும் ஒட்டியபடி, எதிர் வீட்டுக்காரியின் பெயர். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

அவள் அப்படியே நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. நானே கனைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். தங்கையைப் பார்த்துவிட்டு, பேச்சை மட்டும் என்னிடம் வைத்தார்.

"ஏம்மா, திருப்பி அனுப்பற பாத்திரத்த எவளாவது இப்படிப் புளி போட்டு, விளிம்பு சந்தெல்லாம் வுடாம தேச்சி அனுப்புவாளா? எனக்கு ரெண்டு நாளு கழிச்சித்தான் தோணுச்சி. எங்க அம்மா தேய்க்கற தேய்ப்பு அது." அண்டாவைத் தட்டினார். "அதான் அவ பேரையும் போடச் சொன்னேன். இன்னொரு வாட்டி ஆறு தூக்கினு போனாலும், உங்கள மாதிரி யாருனா எடுத்தா, சரியான வூட்டுக்குக் கொண்டுபோயிக் குடுப்பீங்க இல்ல?"

எனக்கு நன்றாகவே உறைத்தது. "தப்பு என்னுதுதாண்ணே" என்று ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அரிது.

பெயர் வெட்டுகிறவர் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி, "இனிஷியல் இன்னா போடறது, மேஸ்திரி? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் அவர் தங்கையிடம் பேசினார். நாலு வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"இனிஷியல் இன்னா போட? உன் வூட்டுக்காரருதா?"

அவள் பையைத் திறந்து பத்திரிகையை எடுத்தாள். தாம்பாளம் கொண்டுவர மறந்திருந்தோம். கவிழ்ந்திருந்த அண்டாவின் அடிப்பக்கத்தின் மேலேயே வெற்றிலை பாக்கை வைத்து, அதன்மேல் பத்திரிகையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அப்பாவுதே போடுண்ணா. உன்னுதுல இருக்கறதே போடு" என்றாள்.